தோனோவின் காதுக்குப் பின்னால் ஒரு வட்டம்

ஜூன் 3, செவ்வாய்

மழைக்காலம் தொடங்கிவிட்டதாக வானிலைக்காரர்கள் இன்னும் சொல்லவில்லை. ரிப்பேருக்கு வந்து கிடக்கும் ஷூக்கள் சொல்லிவிட்டன. இன்று ஒரு ஜோடியைத் தூக்கினேன். உள்ளே காடே வளர்ந்திருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் மலையிலிருந்து கரடி இறங்கி வந்து குடியேறியிருக்கும்.

பதினோரு டூப்ளிகேட் சாவி, நான்கு குதிகால். உட்சுனோமியா ரயில் நிலையத்தை ஒட்டிய சூப்பர் மார்க்கெட்டில், காய்கறிக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஆறடிக்கு ஆறடியில் பரந்து விரிந்திருக்கும் என் சாம்ராஜ்யம் வழக்கம்போல் செழிப்பாக இருக்கிறது.

மாலை வீட்டுக்கு வந்து தோனோவைக் கூண்டிலிருந்து இறக்கினேன். கீரிப்பிள்ளைக்கு நாகரிகம் வந்து, உடம்பில் எலும்பு மட்டும் காணாமல் போனால் எப்படியிருக்கும்? அதுதான் ஃபெரட். அதிலும் என்னுடையவன் ‘பிரபு’ என்று பொருள்படும் பெயரைச் சுமப்பவன். குக்-குக்-குக் என்று சத்தம் போட்டுக்கொண்டே பக்கவாட்டில் குதித்து, சுவரில் முட்டி, என் சட்டைக் காலருக்குள் புகுந்து தூங்கிப்போனான். இந்த நாட்டில் இவ்வளவு கம்பீரமாகச் சுவரில் முட்டும் ஆள் வேறு யாரும் இல்லை.

வலது காதுக்குப் பின்னால் ஒரு சின்ன வட்டம் தெரிந்தது. முடி இல்லை. ஒரு யென் காசளவு. கோடையில் ஃபெரட்டுக்கு முடி உதிரும். உதிர்காலம்தான். வேறென்ன?

ஜூன் 5, வியாழன்

அந்த வட்டம் உதிர்காலம்தான். இன்று கொஞ்சம் செதில் செதிலாக இருந்தது. உதிர்காலத்துக்குச் செதில் இருக்கக் கூடாதா?

ஜூன் 6, வெள்ளி

என் இடது முழங்கையின் உட்புறத்திலும் ஒரு வட்டம். ஓரம் சிவந்து, நடுவில் வெளுத்து, கச்சிதமாக. மனிதர்களுக்கு உதிர்காலம் உண்டா?

போன வருடம் அரிப்புக்கு வாங்கிய களிம்பு மிச்சமிருந்தது. பூசினேன். அரிப்பு நின்றது. மருத்துவத் துறை என்னை இழந்தது அதன் துரதிர்ஷ்டம்.

ஜூன் 7, சனி

அக்கா மகள் மிசோனோ வழியில் எட்டிப்பார்த்தாள். பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். எதையும் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்க்கும் கண். தோனோவின் காதைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.

“மாமா, இது படர்தாமரை மாதிரி இருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.”

“நாளைக்கு மன்றக் கூட்டம். அழகுத் தேர்வு. மூணு வருஷமா ஜெயிச்சவன் மேடையேறாம ஓடினான்னு சரித்திரம் எழுதுமே.”

“சரித்திரம் எழுதாது மாமா. ஒன்பது ஃபெரட் ஒண்ணுமேல ஒண்ணு உருளும். ஒட்டிக்கும்.”

“திங்கக்கிழமை போறேன்.”

“சத்தியமா?”

சத்தியம் செய்தேன். தேதியை மட்டும் சொல்லவில்லை.

ஷிமோட்ஸுகே ஃபெரட் மகாமன்றம் - ஏழு வீடுகள், ஒன்பது ஃபெரட்கள், ஒரே ஒரு நிரந்தரத் தலைவர். நான் போகாவிட்டால் கூட்டம் நடக்குமா? நடக்கும். அதுதான் பிரச்சனையே.

ஜூன் 8, ஞாயிறு

எழுதுகிறேன். யாரும் படிக்கப்போவதில்லை.

காலையில் மேசை இழுப்பறையில் தூரிகைப் பேனாவைத் தேடி எடுத்தேன். ஒரு முனை கறுப்பு. மறுமுனை இழவு வீட்டில் பணம் வைத்துக் கொடுக்கும் உறையில் பெயர் எழுதுவதற்கான வெளிறிய மை. தோனோவின் ரோமத்துக்கும் அந்த வெளிறிய மைக்கும் அப்படி ஒரு பொருத்தம். காதுக்குப் பின்னால் இரண்டே தீற்றல். வட்டம் மறைந்தது. இழவு மையால் ஒரு பிரபுவுக்கு ஒப்பனை செய்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அப்போது சிரிப்பு வந்தது.

கூட்டம் வழக்கம்போல கமியாமா அரிசிக் கடையின் பின்கட்டு கிடங்கில். துணிக் குழாயை விரித்ததும் ஒன்பதும் உள்ளே பாய்ந்து, ஒரு முனையில் மூக்கும் மறுமுனையில் வாலுமாக ஒரே விலங்காக மாறின. தோனோ ஜெயித்தான். அரிசிச் சாக்கில் தைத்த வெற்றிப் பட்டையை தொக்கிகோ அம்மா அவன் கழுத்தில் போட்டார். கடை அவர் கணவர் பெயரில் இருந்தாலும், கடையும் மன்றமும் ஓடுவது அவர் சொல்லில்தான்.

“தலைவரே, இவன் எப்படி இவ்ளோ பளபளப்பா இருக்கான்? என்ன போடுறீங்க?”

“நற்குணம்” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு தூளி மாற்று. எட்டு வருடத்துக்கு முன் நானே கண்டுபிடித்து, நானே பேர் வைத்து, நானே கட்டாயமாக்கிய சடங்கு. ஒவ்வொரு வீட்டு ஃபெரட்டும் ஒரு மாதம் படுத்துத் தூங்கிய துணித் தூளியைத் துவைக்காமல் கொண்டுவர வேண்டும். எண் எழுதிய மூங்கில் குச்சியை உருவி, யாருடையது யாருக்கு விழுகிறதோ அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். வாசனை பழகிவிட்டால் அடுத்த மாதம் சண்டை இல்லை. மன்றத்தின் அமைதிக்கு இதுவே அஸ்திவாரம் என்று ஆண்டுமலரில் நான் எழுதிய கட்டுரை நான்கு பக்கம்.

தோனோவின் தூளி ஹொரிகோமே அம்மாவுக்கு விழுந்தது. மே மாதம் புதிதாகச் சேர்ந்தவர். பள்ளிக்கூட மதிய உணவுச் சமையற்கூடத்தில் வேலை. தனியாள். கைவிடப்பட்ட ஃபெரட்களைக் காக்கும் இல்லத்திலிருந்து வெள்ளை நிறத்தில் ஒன்றை எடுத்து வளர்க்கிறார். பெயர் ஒகாரா, சோயாவை அரைத்துப் பால் எடுத்தபின் மிஞ்சும் சக்கையின் பெயர். சமையற்கூடத்துக்காரர் வேறென்ன பேர் வைப்பார்!

அவர் தூளியை இரண்டு கையாலும் வாங்கி, முகத்தில் ஒற்றிக்கொண்டார்.

“தலைவர் வீட்டுதா! முதல் தடவையே எனக்கு இப்படி ஒரு யோகம்! ஒகாரா, பாத்தியா?”

என் முழங்கை சட்டைக்குள் அரித்தது. வாயைத் திறந்தேன்.

“கிழியாம பாத்துக்கங்க. வரலாற்றுப் பொருள்” என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

என் தலையணையில் வெளிறிய சாம்பல் கறை. மை.

ஜூன் 12, வியாழன்

திங்கள் இல்லை, வியாழன். போனேன்.

விலங்கு மருத்துவர் யாமனோய் அறையை இருட்டாக்கி ஊதா விளக்கைப் பிடித்தார். தோனோவின் காதுக்குப் பின்னால் முடியெல்லாம் பச்சையாக மின்னியது. என் வாழ்நாளில் அவன் இவ்வளவு அழகாக மின்னிப் பார்த்ததில்லை.

“படர்தாமரை. முடிய எடுத்து அதுல பூஞ்சை வளருதான்னு பார்க்கணும், மூணு நாலு வாரம் ஆகும். ஆனா இந்தப் பச்சையிலேயே தெரியுது. மருந்து உடனே ஆரம்பிச்சிடலாம். வாரம் ரெண்டு தடவ கந்தகத் தண்ணில முக்கி எடுக்கணும், அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். துணி, தூளி, எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சிடுங்க. கூண்ட பிளீச்சால கழுவுங்க.” பிறகு அந்த இடத்தைத் தேய்த்து, விரலைப் பார்த்தார். “இதென்ன, சாம்பலா?”

“ஷூ பாலீஷ். நான் ஷூக்காரன்.”

“அத நக்கினா என்ன ஆகும்? கவனமா இருங்க. வேற ஃபெரட்டோட பழக விட்டீங்களா?”

“இல்ல.”

ஒரு வார்த்தைதான். ‘இல்ல.’ நான் சொல்லும் பொய்களில் யானை இருக்கும், புயல் இருக்கும், கேட்பவர் சிரிப்பார். இதில் ஒன்றுமே இல்லை. அதனால்தான் அவர் நம்பிவிட்டார்.

ஜூன் 20, வெள்ளி

தோல் மருத்துவர். என் கையில் ஒரு வட்டம் ஏழு வட்டமாகிவிட்டது. அந்த அரிப்புக் களிம்பு பூஞ்சைக்குச் சோறு போட்டிருக்கிறதாம். அடங்கினமாதிரி காட்டி உள்ளே பரப்புமாம்.

“மேலாக்க அமுக்கி வெச்சா இப்படித்தான்” என்றார். மருந்தைப் பற்றித்தான் சொன்னார்.

வீட்டில் விலங்கு உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். ஒன்றாவது உண்மையாக இருக்கட்டும்.

ஜூன் 27, வெள்ளி

தொக்கிகோ அம்மா போன்.

“தலைவரே, எங்க அஸுகிக்கு வால்ல முடி போயிடுச்சு. எனக்குக் கழுத்துல வட்டமா வந்திருக்கு. கடைக்கு வர்றவங்க என் கழுத்தப் பாத்துட்டு அரிசியப் பாக்குறாங்க. இன்னும் ரெண்டு வீட்லயும் அப்படித்தானாம்.”

“ம்.”

“இத்தன வருஷம் வந்ததில்ல. இப்ப மட்டும் எப்படி வந்துச்சு? நான் யாரையும் சொல்லல. ஆனா அந்தப் புது அம்மாவோட வெள்ளை, எங்கெங்கயோ கெடந்து வந்தது, இல்லையா?”

“ம்.”

“அவங்களுக்கும் கையில வந்திருக்காம். ஒகாராவுக்கும் முதுகுல. அப்ப அங்கேருந்துதானே?”

“ம்.”

எங்கள் ஊரில் அடுத்தவர் பேசும்போது மூச்சுக்கு ஒரு ‘ம்’ போடாவிட்டால் லைன் கட்டாகிவிட்டதென்று நினைப்பார்கள். அது சம்மதம் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும்தான் பொருள். எல்லோருக்கும் தெரியும்.

தொக்கிகோ அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் போனை வைக்கும் முன் சொன்னார்: “தலைவரும் அப்படித்தான் நினைக்கிறீங்கன்னு தெரிஞ்சதே போதும்.”

மூன்று ‘ம்’. எண்ணிப்பார்த்தேன்.

ஜூலை 2, புதன்

மன்றத்தின் அறிவிப்பு அட்டை இன்று கடைக்கு வந்தது. கைபேசியில் ஒரு வரி அனுப்பினால் போதும் என்று ஊரே சொன்னபோது, ‘மன்றம் என்பது கையால் எழுதி, கையால் கொடுத்து, கையால் முத்திரை குத்துவது’ என்று முழங்கியவன் நான். ஆகவே அட்டை வீடு வீடாகப் போகும். படித்தவர் தன் பெயருக்கு நேரே முத்திரை குத்தி அடுத்த பெயர்க்காரரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

13ஆம் தேதி கூட்டம், நோய் பற்றிப் பேச. விலங்குகளை அழைத்துவர வேண்டாம்.

கீழே பெயர்கள். ஆறு. எப்போதும் போலத் தலைவர் முதலில். ஹொரிகோமே என்ற பெயர் இல்லை. யாரும் அவரை நீக்கவில்லை. எழுத மறந்துபோயிருக்கிறது. அவ்வளவுதான். எங்களில் யாரையும் யாரும் நீக்குவதே இல்லை.

முத்திரையை எடுத்தேன். சிவப்பு மையில் ஒற்றி, என் பெயருக்கு நேரே குத்தினேன். சின்னச் சிவப்பு வட்டம். சட்டைக் கையை மடித்துப் பார்த்தேன். அங்கேயும் அதே அளவில், அதே நிறத்தில்.

குத்தாமல் வைத்திருக்கலாமே. ஏன் குத்தினேன்?

ஜூலை 5, சனி

ஹொரிகோமே அம்மா கடைக்கு வந்தார்.

மதியம், கூட்டம் இல்லாத நேரம். ஷூவைத் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்தினேன். வலது மணிக்கட்டில் கட்டுத்துணி. கவுண்டர்மேல் இரண்டு பொருள் வைத்தார். ஒன்று, பரிசுத்தாளில் சுற்றிய பயறு அல்வாப் பெட்டி. இன்னொன்று பிளாஸ்டிக் பையில் மடித்த தோனோவின் தூளி. வெந்நீரில் துவைத்து, இஸ்திரி போட்டு, கிழிந்திருந்த மூலையில் அதே நிற நூலால் தைத்திருந்தார்.

இடுப்பை மடித்துக் குனிந்தார். கவுண்டர் விளிம்பில் நெற்றி பட்டுவிடுமோ என்று பயந்தேன்.

“தலைவரே, எங்க வீட்டுப் பிள்ளையால எல்லாருக்கும் தொந்தரவு. தோனோவுக்கும் வந்திருக்குமோன்னு நினைச்சா தூக்கமே இல்ல. மன்னிக்கணும்.”

“அய்யோ... அதெல்லாம்...”

“நல்லா இருக்கானா?”

“இருக்கான்.”

“அப்பாடா.” உண்மையிலேயே மூச்சு விட்டார். “சமையற்கூடத்துல இந்தக் கையோட உள்ளே விட மாட்டாங்க. நியாயம்தானே, பிள்ளைங்க சாப்பிடறது. ஆறுற வரைக்கும் வீட்டுல இருங்கன்னாங்க. இனி விலங்கு வீட்டுல இருந்தா யோசிக்கணும்னும் சொன்னாங்க. அதான்... ஒகாராவ இல்லத்துக்கே திருப்பிக் கொடுத்துடறேன். 13ஆம் தேதி பன்னிரண்டு மணிக்கு வண்டி வருது.”

நான் என்ன சொன்னேன்? இங்கே எழுதுகிறேன், பிறகு நானே ‘இல்லை’ என்று சொல்ல முடியாதபடி. “மழை வேற பெய்யுது, பத்திரமா போங்க” என்று சொன்னேன்.

அல்வாப் பெட்டியை வாங்கிக்கொண்டேன். இரண்டு கையாலும்.

வாங்கிட்டேன்டா. வாங்கி உள்ள வெச்சுட்டேன்.

ஜூலை 7, திங்கள்

நட்சத்திரத் திருவிழா. சூப்பர் மார்க்கெட் வாசலில் மூங்கில் கட்டி, வேண்டுதல் சீட்டுக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். எல்லா வருடமும் நான்தான் மிக நீளமான சீட்டு கட்டுவேன். போன வருடம் தோனோ பிரதமராக வேண்டும் என்று கட்டினேன். ஊரே படித்துச் சிரித்தது.

இந்த வருடம் எழுதியது: ‘ஒரு வால்நட்சத்திரம் 13ஆம் தேதிக்கு முன் ஆறடிக்கு ஆறடி இடத்தில் மட்டும் விழட்டும்.’ கட்டவில்லை. பையில் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 9, புதன்

மிசோனோ கியோசா கொண்டுவந்தாள், இறைச்சி வைத்து மடித்த கொழுக்கட்டை. அவள் மடித்த கியோசாவின் ஓரம் எப்போதும் பல்வரிசை போலவே இருக்கும். இரண்டுதான் சாப்பிட முடிந்தது.

“ரெண்டா? முப்பது சாப்பிடுற ஆள். யாரு செத்தது?” என்றாள். அலமாரியில் பிரிக்காத அல்வாப் பெட்டியைப் பார்த்தாள். மேலே வெள்ளைச் சீட்டில் ‘மன்னிப்புக் கோரி, ஹொரிகோமே’. அப்புறம் பல் மருத்துவமனைக் கேள்விகள். வலிக்கிற இடம் வரைக்கும் தட்டிக்கொண்டே போவாள். எல்லாம் சொன்னேன். மையைக்கூட.

பாத்திரத்தை மூடினாள்.

“இழவு மையா?”

“வெளிறியது.”

“சிரிப்பு வரல மாமா.”

“தெரியும்.”

“சின்ன வயசுல நீங்க விட்ட கதையெல்லாம் நம்புவேன். கினு ஆத்துல திமிங்கலம் பாத்தேன்னு சொன்னீங்க. நான் ஸ்கூல்ல போய்ச் சொல்லி அடி வாங்கினேன். அப்பக்கூட உங்கமேல கோவம் வரல. ஏன்னா திமிங்கலத்தால யாருக்கும் வேலை போகல.”

பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வாசலில் ஷூ மாட்டும்போது சொன்னாள்: “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அது உங்க வேலை. முதல்ல அவங்க, அப்புறம் கூட்டம். மாத்திச் செய்யாதீங்க. கூட்டத்துல கை தட்டு வாங்கிட்டு அவங்ககிட்ட போவீங்க, உங்களத் தெரியும்.”

தெரிந்துதான் வைத்திருக்கிறாள். நான் மனதுக்குள் உரையை எழுதிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 11, வெள்ளி

கடையை முன்னதாக மூடினேன். வெறுங்கையோடு எப்படிப் போவது? ஒரு தர்பூசணி வாங்கினேன். வீட்டைக் கண்டுபிடித்து மணியை அழுத்தினேன். கதவு திறந்தது. அறைக்குள் ஒகாரா குக்-குக் என்று குதிக்கும் சத்தம்.

“ஹொரிகோமே அம்மா, நான் வந்து... அதாவது...”

“சொல்லுங்க தலைவரே.”

“தர்பூசணி. ரெண்டா வாங்கிட்டேன்.”

மூன்று முறை குனிந்து நன்றி சொன்னார். நான் நான்கு முறை குனிந்தேன். திரும்பி வந்தேன்.

இப்போது அந்த அம்மாவின் குளிர்பெட்டியில் என் கோழைத்தனம் எட்டுக் கிலோவில் உட்கார்ந்திருக்கிறது. வேறு எதுவும் வைக்க இடமிருக்காது.

ஜூலை 12, சனி

பரிசோதனை முடிவு வந்தது. விலங்கிலிருந்து வரும் பூஞ்சைதான். டாக்டர் யாமனோயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மற்ற ஃபெரட்கள், தூளி, மை. முதலில் இவரிடம் சொல்வது எளிதாக இருந்தது. இவர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்ததாலோ என்னவோ.

“ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா மத்த வீடுகள அன்னைக்கே கூப்பிட்டிருப்பேன்” என்றார். கத்தவில்லை. எழுதிக்கொண்டே, “எத்தன வீடு? எத்தன விலங்கு? எத்தன பேருக்கு வந்திருக்கு?” என்று கேட்டார்.

“ஏழு. ஒன்பது. வந்தது... அஞ்சாறு... தெரியாது டாக்டர்.”

“விசாரிச்சு சரியாச் சொல்லுங்க.”

முடிவின் நகல் ஒன்று கேட்டு வாங்கினேன். முடி எடுத்த தேதி அதில் இருக்கிறது. ஜூன் 12. அன்றைக்கே வட்டம் பழசு.

ஜூலை 13, ஞாயிறு

ஒன்பது மணிக்குப் போனேன். தர்பூசணி இல்லாமல்.

வாசலில் ஒகாராவின் கூடை தயாராக இருந்தது. மேலே ஒரு தாள். எழுதியதைப் படித்துவிட்டேன், படித்திருக்கக் கூடாது. ‘மருந்து காலை மாலை. தண்ணீரை அவளே தட்டிவிடுவாள், கோபிக்க வேண்டாம். இடி இடித்தால் சட்டைக்குள் விட்டால் போதும்.’

நின்றபடியே சொன்னேன். உரை எதுவும் நினைவுக்கு வரவில்லை. காது, வட்டம், மை, தூளி, டாக்டரிடம் சொன்ன ‘இல்ல’, போனில் போட்ட மூன்று ‘ம்’, அட்டையில் குத்திய முத்திரை. காகிதத்தை நீட்டினேன்.

அவர் ‘ம்... ம்...’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் நிறுத்தியதும் உள்ளே போய் இன்னொரு காகிதம் கொண்டுவந்தார். ஏப்ரலில் இல்லத்து மருத்துவர் கொடுத்தது. ஒகாராவுக்குத் தோல்நோய் எதுவும் இல்லை என்று.

“இது எங்கிட்ட அப்பவே இருந்துச்சு. காட்டினா எல்லாரையும் குத்தம் சொல்ற மாதிரி ஆயிடுமேன்னு உள்ளே வெச்சுட்டேன். இந்தக் காகிதம் தப்பா இருக்கும்னு நினைச்சேன். தலைவர் வீட்டுப் பிள்ளையா இருக்கும்னு நினைக்கவே இல்ல.”

காகிதத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தேன்.

“தூளி எனக்கு விழுந்தப்ப உங்களுக்குத் தெரியுமா?”

“சந்தேகம் இருந்துச்சு.”

“சந்தேகமா, தெரியுமா?”

“தெரியும்.”

கட்டுப் போடாத கையால் கூடையை எடுத்தார். உள்ளே வைத்தார். கதவைச் சாத்தினார். அறைந்து சாத்தியிருக்கலாம். பூட்டு விழும் சத்தம்கூட மெதுவாகத்தான் கேட்டது. முப்பது வருடமாகப் பூட்டோடு பிழைப்பவன், அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

பத்து மணிக்கு அரிசிக் கிடங்கு. ஐந்து வீட்டாரும் சாக்குகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். தூரிகைப் பேனாவைச் சாக்கின்மேல் வைத்தேன். யாரும் அதைத் தொடவில்லை.

தொக்கிகோ அம்மாதான் முதலில் பேசினார். “அப்ப நான் போன்ல அந்த அம்மாவச் சொன்னப்ப, தலைவரே, ‘ம்’னீங்களே.”

“ஆமா.”

“நான் அத வெச்சுத்தானே எல்லாருக்கும் சொன்னேன்!”

கழுத்து வட்டத்தைத் தாண்டி முகம் முழுக்கச் சிவந்துவிட்டது அவருக்கு. என்மேல் கோபம் பாதி. மீதி யார்மேல் என்று அவருக்கே தெரிந்திருக்கும். எழுந்து உள்ளே போய், ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார். அவர் போன திசை ஹொரிகோமே அம்மா வீட்டுப் பக்கம்.

தலைவர் பதவியைவிட்டு விலகுகிறேன் என்றேன். யாரும் மறுக்கவில்லை. ஒரே ஒருவராவது மறுப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். இதைக்கூட எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

தூளி மாற்று ஒழிந்தது. கை தூக்கி, ஒரே மனதாக.

ஜூலை 14, திங்கள்

நேற்று பன்னிரண்டு மணிக்கு வண்டி வந்ததாம்; வெறுமனே திரும்பிப் போனதாம். தொக்கிகோ அம்மா போனில் இந்த ஒரு வாக்கியம் மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எனக்கு ‘ம்’ போட அவகாசம் தரவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

இடி. தோனோ கந்தகத் தண்ணீரில் நனைந்து மஞ்சளாக, அழுகின முட்டை நாற்றத்தோடு, சட்டைக்குள் புகப் பார்த்தான். சட்டைக்குள் விடக் கூடாது, இருவரும் ஆறும்வரை. துண்டில் சுற்றி வைத்துக்கொண்டேன். ஒகாராவைச் சட்டைக்குள் விட ஹொரிகோமே அம்மாவாலும் முடிந்திருக்காது.

ஆகஸ்ட் 4, திங்கள்

வீடு வீடாகப் போய் விசாரித்து டாக்டர் யாமனோயிடம் கொடுத்தேன்: ஐந்து ஃபெரட், என்னோடு சேர்த்து நான்கு மனிதர். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இரண்டு வீட்டில் காபி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் வாசலிலேயே பேசினோம். ஹொரிகோமே அம்மா வீட்டில், கதவில் ஒட்டிய சீட்டில், நான் கேட்காமலே விவரம் எழுதியிருந்தது: ஒகாரா, முதுகில் இரண்டு. நான், மணிக்கட்டில் ஒன்று.

ஆகஸ்ட் 20, புதன்

மிசோனோ வந்தாள். நாற்பது கியோசா. முப்பத்தொன்று சாப்பிட்டேன். எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அல்வாப் பெட்டியைப் பார்த்து, “இன்னும் பிரிக்கலையா?” என்றாள். தேதி தாண்டிவிட்டது. சாப்பிடவும் முடியாது, எறியவும் முடியாது. தைத்துக் கொடுத்த தூளியும் அப்படித்தான், பையோடு அதற்குப் பக்கத்தில்.

“சமையற்கூடத்துல கோடை விடுமுறை முடிஞ்சு திறக்கறப்ப அவங்க திரும்ப வேலைக்குப் போறாங்களாம்” என்றாள். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. பல் மருத்துவமனைக்கு ஊரே வரும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பிற்பகல். குதிகால் ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தேன். கவுண்டரில் ஏதோ வைக்கும் சத்தம்.

மன்ற அறிவிப்பு அட்டை. 14ஆம் தேதி கூட்டம், விலங்குகளை அழைத்துவரலாம், டாக்டரின் சீட்டு இருந்தால். கீழே பெயர்கள். முதலில் கமியாமா. ஆறாவது ஹொரிகோமே, நேரே புத்தம்புதுச் சிவப்பு வட்டம், மை இன்னும் ஈரம். ஏழாவது, கடைசியில், நான்.

தொக்கிகோ அம்மாவின் கையெழுத்துதான். ஆனால் ஆறாவது வரிக்கும் ஏழாவது வரிக்கும் நடுவில் அழித்து எழுதின அடையாளம் இருந்தது. யாரோ கேட்டு வரிசையை மாற்றியிருக்கிறார்கள். ஏழாவது பெயருக்கு அட்டையைக் கொண்டுவந்து கொடுப்பது ஆறாவது பெயரின் வேலை.

தலையை நிமிர்த்தினேன். அவர் நின்றுகொண்டிருந்தார். சமையற்கூடத்து வெள்ளைக் கோட்டின் காலர் மேல்சட்டைக்கு வெளியே தெரிந்தது. மணிக்கட்டில் கட்டு இல்லை. சிரிக்கவில்லை.

நான் எழுந்து நின்றேன். முத்திரையை எடுத்தேன். குத்தினேன். கொஞ்சம் கோணலாக விழுந்தது.

அவர் போகத் திரும்பினார். பிறகு, காய்கறிப் பக்கம் பார்த்தபடியே கேட்டார்:

“தோனோவுக்கு முடி வளந்துடுச்சா?”

சிங்கத்தின் பிடரி போல, தோகை போல, சலூன்காரன் ஒருவனை மாதச் சம்பளத்துக்கு வைக்க வேண்டியிருக்கிறது என்பதுபோல நூறு பதில் நாக்கு நுனிக்கு வந்தது.

“பாதி” என்றேன். “காதுக்குப் பின்னாடி இன்னும் ஒரு யென் காசளவு இருக்கு. டாக்டர் இன்னும் சீட்டு தரல. இந்த மாசம் அவன் வர முடியாது. நான் மட்டும் வரேன்.”

“ம்” என்றார்.